நைனாவின் மாத்திரை டப்பாவில் புதிதாக ஒன்று

மே 9
துபாயிலிருந்து வந்த மாமா பெரிய டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மீன் எண்ணெய் கேப்ஸ்யூல். காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு போட்டால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடுமாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நைனா தினமும் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40, கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். இதையெல்லாம் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். மீன்தானே, என்ன செய்யப்போகிறது என்றார் மாமா.

மே 14
காசிமேட்டு மீனிலேயே வளர்ந்த மனுஷனுக்கு இந்தக் கேப்ஸ்யூல் போட்டதும் வரும் ஏப்பத்தின் கவுச்சி தாங்கவில்லை. வயிறும் கொஞ்சம் இளகிப் போகிறது. வெறும் வயிற்றில் வேண்டாம், இட்லி சாப்பிட்டதும் போடுங்கள் என்றேன். ஏப்பம் குறைந்தது.

மே 20
இன்று பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். முன்கையைப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ரத்தம் கட்டி நீலமாக இருக்கிறது, கேட்டில் லேசாகத்தான் இடித்துக்கொண்டாராம். மாடிப்படி ஏறினால் ரெண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று ஒரு மாசமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திப் பாரு என்றார். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்டாட்டினையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையோ நாமே நிறுத்துவது மாரடைப்பைக் கூப்பிடுகிற வேலை, அதை மட்டும் செய்ய மாட்டேன். கேப்ஸ்யூலைத்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மே 22
டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம். பின்பக்கம் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. அதாவது ஒரு கேப்ஸ்யூலில் உருப்படியான ஒமேகா 3 வெறும் 300 மில்லிகிராம், மீதி மற்ற கொழுப்பு. ஒமேகா 3 பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பைத்தான் குறைக்கும், கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைக் குறைக்காது, டி.எச்.ஏ. சிலருக்கு அதைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும். 2018இல் வெளிவந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் ஸ்டாட்டின் சாப்பிடும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 4 கிராம் சுத்திகரித்த இ.பி.ஏ. கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் குறைந்தது நிஜம். ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இ.பி.ஏ. சாப்பிட்டவர்களில் 3.1 சதவீதம், சாப்பிடாத மற்ற பாதியில் 2.1. அந்த இ.பி.ஏ. டாக்டர் சீட்டில் எழுதித் தருகிற மருந்து, கடை கேப்ஸ்யூல் அதற்கு ஈடு இல்லை.

மே 25
டாக்டரிடம் டப்பாவையே எடுத்துப் போனேன். ஸ்டாட்டினும் மீன் எண்ணெயும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை, தேவைப்பட்டால் நாங்களே சேர்த்துக் கொடுப்போம் என்றார். ரத்தக் கசிவுக்கு முதல் காரணம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், மீன் எண்ணெய் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டலாம், அளவு ஏற ஏற அது கூடும். நைனாவின் டிரைகிளிசரைடு 150க்குக் கீழேதான், அதனால் கேப்ஸ்யூலே வேண்டாம். கால் வலி பற்றித்தான் நிறையக் கேட்டார்: ரெண்டு காலிலுமா, சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா, வேறு ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டாரா. அந்த வலி ஸ்டாட்டினால் வரலாமாம். தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் சி.பி.கே., தைராய்டு, வைட்டமின் டி மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 3
சி.பி.கே. நார்மல், தைராய்டும் சரி. வைட்டமின் டி ரொம்பக் கம்மி. அதற்கு மருந்து, அட்டோர்வாவுக்குப் பதில் ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டாட்டின். ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது, கை நீலம் மஞ்சளாகி மறைகிறது.

ஜூன் 18
தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தேன், வறுக்கவில்லை. வாரம் ரெண்டு நாள் மீன் போதும் என்று டாக்டர் சொன்னதில் நைனாவுக்குப் பரம சந்தோஷம். படி ஏறும்போது வலி குறைவாம்.

ராத்திரி மாமா போன் பண்ணினார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நீங்க எத்தனை போடுறீங்க மாமா என்று கேட்டேன். அவர் போடுவது இதைவிட வீரியமான கேப்ஸ்யூல், ஒரு நாளைக்கு ஆறு. சாயந்திரத்தில் அப்பப்போ நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, வேலை டென்ஷன்னு விட்டுட்டேன் என்றார். டென்ஷனாகவே இருக்கட்டும், முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள், டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை போகிறாராம். எடுத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.