நல்லா இருக்கிற நம்பர்

திருப்பூரில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் நான்கு வருடம் எம்.ஐ.எஸ். வேலை பார்த்தேன். அந்தியூர், தாளவாடி, தாராபுரம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் தையலும், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கும் சொல்லிக்கொடுத்து பனியன் கம்பெனிகளில் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்தவர்கள் நிஜமாகவே வேலையில் இருக்கிறார்களா, என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று சம்பளப் பதிவை வைத்துக் கணக்குக் காட்டுவது என் பாடு. கிராமத்து இளைஞர்களுக்காக மத்திய அரசு 2014-இல் கொண்டுவந்த தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்யா யோஜனா மாதிரியான திட்டங்களில் பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அந்த ஒரு நம்பர்தான் சாமி.

போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்கலாம், ஆனால் ஆதாரம் என்று ஃபைலில் வைக்க அது செல்லாது. அதனால் கம்பெனி மாதாமாதம் பி.எஃப். கட்டும்போது ஏற்றுகிற இ.சி.ஆர். ஃபைலின் நகலை வாங்கிக்கொள்வோம். ஒரு மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டிய ஃபைல் அது. ஆளுக்கு ஒரு வரி, அதில் யு.ஏ.என். என்கிற அவரவர் பி.எஃப். எண், பேர், மொத்தச் சம்பளம், பி.எஃப். சம்பளம் என்று வரிசையாகப் பதினோரு விவரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வேலி போட்ட மாதிரி ஹாஷ், டில்டே, ஹாஷ். நோட்பேடில் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனி ஃபைலைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பிள்ளைகள் 22 பேரும் அந்த மாதம் நாலே நாள்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள், சிலர் மூன்று நாள். சம்பளம் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். நாலு நாளுக்குப் பதினோராயிரம் கொடுக்கிற பனியன் கம்பெனி இருந்தால் நானே மிஷினில் உட்கார்ந்துவிடுவேன். நேரில் போய் அக்கவுண்டன்ட் அண்ணனிடம் கேட்டேன்.

"என்.சி.பி. நாள்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல 26 போட்டிருக்கீங்களே அண்ணா?"

"ஆமாங்க மேடம். புள்ளைங்க வந்த நாளு 26. ரிஜிஸ்டரைப் பார்த்துத்தானுங்க போட்டேன், அதுல என்னங்க தப்பு?"

என்.சி.பி. என்பது சம்பளம் இல்லாத நாள். வராத நாளைப் போட வேண்டிய கட்டத்தில் வந்த நாளைப் போட்டுவிட்டார். ஒழுங்காக வந்தவள் நாலு நாள் வேலை செய்தவளாகவும், மாதத்தில் பாதிக்கு மேல் மட்டம் போட்டவள் நல்ல பிள்ளையாகவும் ஆகிவிட்டார்கள். பணம் சரியாகக் கட்டப்பட்டிருந்ததால் யாருக்கும் இது உறுத்தவே இல்லை. சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார், அடுத்த மாதமே மாற்றினார். இன்னொரு கம்பெனியில் நாள் கணக்கே கிடையாது, ஷிப்ட் கணக்குதான். காலையில் வந்தால் ராத்திரி வரை ஒன்றரை ஷிப்ட், அப்படி 26 நாள் வந்தால் 39. முப்பதில் 39-ஐக் கழித்தால் மைனஸ் 9 வருகிறதே என்று அவர்கள் பேசாமல் எல்லோருக்கும் சைபர் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்து சனிக்கிழமைச் சம்பளம், பீஸ் ரேட், அட்வான்ஸ் கழிப்பு எல்லாவற்றையும் மாதச் சம்பளம் என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கும்போது ஏதாவது ஒன்று பிதுங்கத்தான் செய்யும்.

அப்புறம் எக்செல். யு.ஏ.என். 12 இலக்கம். எக்செல்லில் சாதாரணமாகத் திறந்தால் 12 இலக்க எண்ணைச் சுருக்கி 1.01 ஈ பிளஸ் 11 என்று காட்டும், யாராவது அப்படியே, திரையில் தெரிகிறதை மட்டும் எழுதிவைக்கிற சி.எஸ்.வி. ஃபைலாக சேவ் செய்து அனுப்பினால் முடிந்தது, மொத்தக் கம்பெனிக்கும் ஒரே யு.ஏ.என். அதிலும் ஒரு கூத்து, ஆதாரும் 12 இலக்கம்தான், அதைக் கொண்டுவந்து யு.ஏ.என். கட்டத்தில் அடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தேன். ஆதார் எண் சைபரிலோ ஒன்றிலோ ஆரம்பிக்காது, யு.ஏ.என். ஒன்றில்தான் ஆரம்பிக்கும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே ஆள் மாறி உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். சம்பளத்தில் 15,000 என்றே வரிசையாக வந்தால், மொத்தச் சம்பளத்தை எடுக்காமல் பென்ஷன் சம்பளக் கட்டத்தை எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம், அதற்கு உச்சவரம்பு 15,000. தீபாவளி மாதம் சராசரி ஒரேயடியாகத் தூக்கினால் போனசையும் சம்பளத்தில் சேர்த்திருக்கிறார்கள். தீபாவளி முடிந்த மாதம் பாதிப் பேரைக் காணோம் என்றால் அது மட்டும் பிழை இல்லை. போனஸ் வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போவது இந்த ஊர் வழக்கம்.

என் கூடப் படித்த தோழி சரவணம்பட்டியில் ஒரு ஆபீசில் அமெரிக்க டேட்டா பார்க்கிறாள். அங்கே வேலையில்லாக் காப்பீட்டுக்காகக் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற சம்பளக் கணக்கைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்களாம். 2014-இல் வந்த சட்டப்படி, பயிற்சி முடித்து வெளியேறிய பிறகு வரும் இரண்டாவது காலாண்டிலும் நாலாவது காலாண்டிலும் அந்த ஆளுக்குச் சம்பளம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் ஆள் காலி. சரி, கடல் தாண்டினாலும் இதே பிழைப்புதான் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது நான் திருத்தியதையெல்லாம் தேதி போட்டுத் தனி ஷீட்டில் எழுதிவைத்து வந்தேன். என்ன இருந்தது, என்னவாக மாற்றினேன், யார் சொன்னார்கள் என்று. மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்க அதை மேலிருந்து கீழே வரை பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. அத்தனை திருத்தமும் எங்கள் நம்பரைக் கூட்டியிருந்தன. குறைத்தது ஒன்றுகூட இல்லை. எக்செல்லுக்கும் அக்கவுண்டன்ட் அண்ணனுக்கும் எங்கள் 70 சதவீதத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர்கள் செய்கிற தப்பு இரண்டு பக்கமும்தானே விழும். வேலையில் இருப்பவள் இல்லாதவளாகத் தெரிந்தால் சென்டரிலிருந்து உடனே போன் வரும், நான் ஓடிப்போய்த் தேடுவேன். வேலையில் இல்லாதவள் இருப்பவளாகத் தெரிந்தால் யார் போன் பண்ணப்போகிறார்கள்? நான் பொய்க்கணக்கு ஒன்றும் எழுதவில்லை, ஒவ்வொரு திருத்தமும் நியாயமானதுதான். ஆனாலும் மொத்தமாக வைத்துப் பார்த்தால் தராசில் ஒரு தட்டை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஏப்ரலில் இருந்து, சரியாகப் பொருந்திவிட்டது என்று ஒதுக்கிவைத்த லிஸ்டிலிருந்தே மாதம் முப்பது பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போன் பேச ஆரம்பித்தேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "ஏம்மா, இல்லாத நம்பரைத் தேடறதே பெரிய வேலை, நல்லா இருக்கிற நம்பரைப் போய் எதுக்கு நோண்டிட்டிருக்கே?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை நோண்டுவார்கள். அரசாங்கமே 2018-இலிருந்து மாதாமாதம் வெளியிடுகிற பி.எஃப். வேலைவாய்ப்புக் கணக்கில் பழைய மாதங்களை அடுத்தடுத்து மாற்றித்தானே சார் போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க போடுவாங்க" என்றார்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ தாளவாடிப் பெண் ஒருத்தி சிக்கினாள். பேர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் 12,000 சம்பளம், யு.ஏ.என். பொருந்துகிறது, பேர் பொருந்துகிறது, எல்லாம் பச்சை. போனை எடுத்தவள், "அக்கா, நான் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவதானுங்க, அப்புறம் போகவே இல்லீங்களே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

அப்படியென்றால் அந்தச் சம்பளம் யாருடையது? கம்பெனிக்குப் போய் ரிஜிஸ்டரைப் பார்த்தோம். நவம்பர் கடைசியில் செக்கிங்கில் இன்னொரு கவிதா சேர்ந்திருக்கிறாள், பெருமாநல்லூர்க்காரி, எங்கள் பயிற்சிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் யு.ஏ.என். போட வேண்டிய இடத்தில், போன மாத ஃபைலிலேயே இருந்த பழைய கவிதாவின் வரி அப்படியே தங்கிவிட்டது. பேர் வேறாக இருந்தால் எங்கேயாவது மாட்டியிருக்கும். இரண்டும் கவிதா, இரண்டு பேருக்கும் இனிஷியலும் ஒன்றே.

என் ஷீட்டில் அது ஒரு ஒன்று குறைவது. அந்தப் பெருமாநல்லூர்க்காரிக்கு அப்படி இல்லை. அவள் சம்பளத்தில் மாதம் 1,440 பிடித்திருக்கிறார்கள், கம்பெனி பங்கில் 440, ஆக மாதம் 1,880. மூன்று மாதத்துக்கு 5,640 ரூபாய் தாளவாடியில் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிற பெண்ணின் பாஸ்புக்கில் போய் உட்கார்ந்திருந்தது. பென்ஷனுக்கு மாதாமாதம் போன ஆயிரம் தனி. செக்கிங் டேபிளுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பீசைக் கீழே வைக்காமல் நூலைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். "பி.எஃப். புடிக்கறாங்கன்னு தெரியும். அது எங்க போகுதுன்னு யாருக்குங்க தெரியும்" என்றாள்.

தாளவாடிக்கு மறுபடி போன் போட்டு ஓ.டி.பி. கேட்டு பாஸ்புக்கை எடுத்தேன். "அது அந்த அக்கா காசுதானுங்க, அவங்களுக்கே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாள், அவ்வளவு சுலபமாக. ஆனால் பி.எஃப். கணக்கில் ஏறிய பணத்தை இவளாக எடுத்து அவளிடம் கொடுக்க முடியாது, கம்பெனி தன் தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி ஆரம்பிக்க வேண்டும். கம்பெனியில் முதலாளி கையெழுத்துக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் கேட்டபோது முதலாளி வெளியூர் போயிருந்தார். நான் எங்கள் கணக்கில் அந்த ஒன்றைக் கழித்து, காரணத்தையும் எழுதி, மேனேஜர் டேபிளில் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்குக் காசு வந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் ஏழு மாதம் அங்கே இருந்தேன். மாதம் 15 தாண்டினதும் தாளவாடிக்குப் போன் போடுவேன், ஓ.டி.பி. சொல்வாள், பாஸ்புக்கைத் திறந்து பார்ப்பேன், 5,640 அங்கேயேதான் இருக்கும். அவளே கடைசியில், "இன்னும் போகலைங்களா அக்கா" என்று முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள்.