குவார்ட்டரும் கால் கிலோவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையில் குவார்ட்டர் பாட்டிலோடு காய்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வாத்தியார் வண்டியை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்தார். "நடக்கட்டும், நடக்கட்டும்" என்றபடி போய்விட்டார். உள்ளே இருப்பது தேன் என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லவா முடியும்? இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

எல்லாம் சின்னவளால் வந்தது. ஹாஸ்டலிலிருந்து வந்தால்தான் எங்கள் வீட்டு ஓவனுக்கு உயிர் வரும். இந்தத் தடவை தேன் கேக்காம். 170 கிராம் தேன் வேண்டும் என்றாள். அழகர்கோவில் ரோட்டில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தேன்காரரிடம் கால் கிலோ வாங்கிவந்து கொடுத்தேன். அதோடு விட்டிருந்தால் கேக் பத்து மணிக்கே வெந்திருக்கும்.

மாமா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளைச் சுரண்டியும் போகாமல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, 180 மில்லின்னு போட்டிருக்கு. கால் கிலோன்னா 250. பாக்கி 70 எங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் அடுக்களைக்குப் போய் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துவந்துவிட்டார். "இங்க பாருங்க, ஒரு லிட்டர், 910 கிராம். அந்தக் கணக்குப்படி இந்தத் தேன் 164 கிராம்தான் வரும். கேக்குக்கே ஆறு கிராம் பத்தாது." ரிட்டயர்டு ஆகிப் பதினோரு வருஷமாகியும் ஆடிட் மட்டும் விட்டபாடில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றார்.

தேன்காரர் சண்டைக்கே வரவில்லை. "எடை போட்டுப் பாத்துக்கங்கண்ணே" என்று சாக்குக்குள்ளிருந்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். அப்படித்தான் காய்கறிக் கடைக்கு வந்தோம். கடைக்காரம்மா தராசிலிருந்த கத்தரிக்காயை இறக்கிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். தேனோடு 462. காலிப் பாட்டில் 205. ஆகத் தேன் 257 கிராம்.

"குவார்ட்டர்னா கால் கிலோ, ஆஃபுன்னா அரைக் கிலோ, ஃபுல்லுன்னா ஒரு கிலோ. எங்கப்பா காலத்துல இருந்து இதாண்ணே அளவு" என்றார் தேன்காரர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் சாதி. தேன் அடியில் போய் உட்காருகிற சாதி. ஒரு மில்லி தேன் ஏறக்குறைய 1.42 கிராம். 180 மில்லிக்கு 256 வருகிறது. 375க்கு 532. 750க்கு 1,065. பிராந்திக்காகச் செய்த பாட்டில் தேனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் என்பதை இந்த இடத்தில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

மாமா தோற்றதாக ஒத்துக்கொள்வாரா? வண்டியில் வரும்போது, "ஏழு கிராம் கூட ஊத்தியிருக்கான், பொழைக்கத் தெரியாத பய" என்றார்.

வந்து பார்த்தால் வீட்டுத் தராசில் பேட்டரி இல்லை. கிராமை மறுபடி மில்லியாக்க வேண்டியதாயிற்று. 170 கிராம் என்றால் 120 மில்லி, அதாவது 240 மில்லி கப்பில் சரிபாதி. சின்னவள் அளந்து கவிழ்த்தாள். பாதித் தேன் கப்பை விட்டு வருவேனா என்றது. "முதல்லயே உள்ள கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தா வழுக்கிட்டு விழுந்திருக்கும்ல" என்றாள் என் மனைவி, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கேக் ஓவனுக்குள் போனபிறகு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். மாமா தனியாக நின்று பெரிய ஸ்பூனை வழித்துக்கொண்டிருந்தார். போன மாதம் சாப்பிடுவதற்கு முன் எடுத்த சுகர் 190.

"ஒரு ஸ்பூன்தான் மாப்பிள்ளை. 15 மில்லி."

"21 கிராம், மாமா."

கொஞ்ச நேரம் ஸ்பூனையே பார்த்தார். "உங்க அத்தை கேட்டா மில்லியிலயே சொல்லுங்க" என்றார்.