கேடயவாலன் தேடல்: களக்காட்டுத் தோப்புல இருந்து மாஞ்சோலை ரோடு வரைக்கும்

மண்ணுக்குள்ளயே காலம் தள்ளுற விஷமில்லாத பாம்புகளைத் தேடிப் போய் போட்டோ எடுக்குறதுதான் இப்போதைக்கு நம்ம பொழுதுபோக்கு, வீட்ல கேட்டா வேற பேர் சொல்லுவாங்க. முக்கியமான டார்கெட் கேடயவாலன், ஷீல்டுடெயில்னு சொல்லுதாங்கல்லா அதுதான். 60 வகைக்கு மேல இருக்கு, அத்தனையும் இந்தியத் தீபகற்பத்துலயும் இலங்கையிலயும் மட்டுந்தான், வேற எங்கயும் கெடையாது. அதுல ஒண்ணுக்கு இங்கிலீஷ்ல நம்ம திருநெல்வேலி பேரையே வச்சிருக்காங்க, லண்டன் மியூசியத்துல இருந்த குந்தர் 1875ல விவரிச்ச பாம்பு அது. இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு பாக்காம இருந்தா எப்படி?

முதல்ல களக்காட்டுல சித்தப்பா வாழைத்தோப்புலதான் ஆரம்பிச்சேன். தோண்டக் கூடாதுங்குறதுல தெளிவா இருந்தேன், மம்பட்டி போட்டா பாம்பும் போச்சு அது இருந்த எடமும் போச்சு. அதனால பழைய தகரம், நனைச்ச சாக்கு, கொஞ்சம் கதம்பைன்னு நெழல்ல அங்கங்க போட்டு வச்சு காலைல மட்டும் தூக்கிப் பாக்குறது. தூக்கும்போது தகரத்தோட அந்தப்பக்க ஓரத்தைப் பிடிச்சு நம்ம பக்கமா சாய்ச்சுத் தூக்கணும், அப்பதான் உள்ள கட்டுவிரியனோ சுருட்டை விரியனோ கெடந்தா நமக்கும் அதுக்கும் நடுவுல தகரம் நிக்கும். நான் கம்பில கொக்கி மாட்டித்தான் தூக்குதேன், கையால தூக்குறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு கலங்கும்.

அங்க கெடைச்சது பூரா புழுப்பாம்பு. "என்னல, மண்புழுவப் போயி இப்படிக் குனிஞ்சு நிமிந்து படம் எடுக்க"ன்னு சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு. உடம்புல வளையம் இல்ல பாருங்க சித்தப்பா, நாக்கை நீட்டுது பாருங்கன்னு காட்டுன பிறகுதான் கொஞ்சம் நம்புனாரு. எறும்பு முட்டை, கரையான்னு தின்னுக்கிட்டு கெடக்குற சாதி. இந்தச் சின்ன வகைல ஆணே கெடையாது, எல்லாம் பொட்டை, தானாவே முட்டை போட்டுப் பெருகிக்கும், பூந்தொட்டி மண்ணுல ஏறி உலகம் பூரா போயிட்டு. இதைச் சொன்னதும் சித்தப்பா மறுபடி நம்பல.

கேடயவாலனுக்கு மலை ஏறியாகணும். அதுக்கு மண்புழு வேணும், மண்புழுவுக்கு ஈரமான இலைமக்கு மண்ணு வேணும், காய்ஞ்சா ரெண்டும் ஆழத்துக்குப் போயிரும். மாஞ்சோலை, நாலுமுக்கு பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், பாரஸ்ட் அனுமதி இல்லாம ஒண்ணும் நடக்காது, ரோட்டை விட்டு உள்ள எறங்கவும் கூடாது. ஆனா ரோடே போதும்னு எஸ்டேட்ல வேலை பாத்த ஒரு அண்ணாச்சி சொன்னாரு, "ராத்திரி மழை பெஞ்சு விடிஞ்சா பைய ஓரமாப் பாத்துக்கிட்டே நடங்க தம்பி, தார்ல ஊர்ந்துக்கிட்டு கெடக்கும்"னு.

ஐப்பசி மழைல அப்படித்தான் மாட்டுச்சு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, கருப்பு உடம்பு, வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமா மினுங்குது, சேறு ஒட்டவே இல்ல. வால் மட்டும் சாய்ச்சு வெட்டுன மாதிரி மொட்டையா, மேல சொரசொரன்னு, அதுல ஒரு கட்டி மண்ணு அப்பிக்கிட்டு இருந்தது. அதுதான் கதவு, துளைக்குள்ள போனதும் பின்னாடி அந்த மண்ணு அடைச்சுக்கும். தலை கூரா இருக்கும், தோண்டுறது அதை வச்சுத்தான். முன்பக்கம் தோலுக்குள்ளயே முதுகெலும்பை வளைச்சு உடம்பைத் தடிக்க வச்சு சுவத்துல முட்டுக் குடுத்துக்கிட்டுத் தலையை முன்னால தள்ளும், அதுக்குத் தோதா அந்தப் பகுதி தசையும் நல்லா செவப்பா ஆக்சிஜன் பிடிச்சு வைக்கிற வகை. முட்டை போடாம குட்டி போடும். கடிக்கிற சோலியே கெடையாது, ஆனாலும் நான் கையில எடுக்கல, ஒரு காஞ்ச இலைய முன்னால வச்சேன், தன்னால ஓரத்து மக்குக்குள்ள எறங்கிட்டு.

அதே ரோட்டுல இன்னொண்ணு டயர்ல நசுங்கிக் கெடந்தது. வருத்தந்தான். இதையும் மண்ணுளின்னு நெனைச்சு இருதலைப் பாம்பு வெலை பேச வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, கேடயவாலன் வேற, மண்ணுளிங்குற இருதலைப் பாம்பு வேற, அந்தக் கோடிக்கணக்கு வெலையும் சுத்த ஏமாத்து வேலை, பிடிச்சா கேஸு.

இப்ப நிக்கிற எடம் என்னன்னா, என்ன வகைன்னு உறுதியாச் சொல்ல என் போட்டோ பத்தல. மேல இருந்து எடுத்த அழகான படத்தால புண்ணியம் இல்ல, செதில்தான் பேசும். அடுத்த மழைக்கு தலையைப் பக்கவாட்டுல, வால் தட்டை மேல இருந்து கிட்டக்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுக்கணும். அடிவயித்துச் செதில் எண்ணுறதுக்கு ரோட்டுல செத்துக் கெடக்குறதை அங்கனயே வச்சுப் படம் எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன், செத்த பாம்பைத் தூக்கிட்டு வர அனுமதி கெடையாது. கிளிப் போடுற மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கியாச்சு, மழைல ஆவி படியாம எப்படி வைக்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.