அம்மாவின் ஆறரை மணி நேரக் கணக்கு

சின்னவள் படிக்க லண்டன் கிளம்புகிறாள். கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு வாரமாக முறுக்கு வாசனைதான். நேற்று டிக்கெட்டை வாங்கிப் பார்த்த அம்மா, "ராத்திரி பதினொன்றரைக்கு ஏறினா காலையில ஆறு மணிக்கு லண்டனா? ஆறரை மணி நேரம்தானே! பினாங்குக்கு பஸ்ஸில போனாலே அஞ்சு மணி நேரம் ஆவுது" என்றார்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். செப்டம்பரில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். (அக்டோபர் கடைசியில் அது 8 ஆகிவிடும்.) ஆக, பதிமூன்றரை மணி நேரம்.

தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 12 மணி நேரம் போதும்தான். ஆனால் எதிர்க்காற்று இருக்கிறதே! அதோடு 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கும் உக்ரைன் வான்வெளியை வேறு சுற்றிப் போக வேண்டும். திரும்பி வரும்போது அதே மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

அம்மா நம்பவில்லை. பிள்ளைகளின் பழைய உலக உருண்டையை எடுத்து, அம்மா பூ கட்டும் நூலையே கேஎல்லுக்கும் லண்டனுக்கும் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வங்கக் கடலைத் தாண்டி, வட இந்தியா, ஆப்கானிஸ்தான் என்று மேலேறிப் போனது.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"அப்போ தஞ்சாவூர் பக்கமே போவாதா?"

போகாதும்மா.

"பதிமூணு மணி நேரம்னா முறுக்கு பத்தாது" என்று மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டார். பெட்டி ஏற்கெனவே 27 கிலோ.