கார் மூழ்கியது, சர்வேயர் மேல் புகார் கொடுத்தேன்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் நின்ற கார்களில் பாதி மூழ்கிவிட்டன. என்னுடையதும்தான். கிளெய்ம் போட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனி, சேதத்தை மதிப்பிட ஒரு சர்வேயரை அனுப்பியது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர் பானெட்டைத் திறந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எஞ்சினைக் கழற்றச் சொல்லவே இல்லை. அறிக்கையில் மட்டும், தண்ணீரில் நின்ற வண்டியை நான் ஸ்டார்ட் செய்ததால்தான் எஞ்சின் கெட்டது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் எஞ்சின் செலவு மொத்தமும் அடிபட்டுப் போனது.

வண்டியை யாரும் சாவி போட்டுத் திருப்பவில்லை. ரெக்கவரி வேனில்தான் போனது. மூழ்கிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டரில் புகுந்த தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையும், அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பையும் இறக்கிக் காட்டினார். ராடு ஒன்றுகூட வளையவில்லை. ஆயில்தான் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் களிம்பாகக் கிடந்தது. எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, மெக்கானிக்கிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சர்வேயருக்கு உரிமம் கொடுப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015 ஒழுங்குமுறைகளில் அவர்களுக்கென்று நடத்தை விதிகள் இருக்கின்றன. மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அங்கே புகார் கொடுத்தால் நம் கிளெய்ம் பணம் வராது. பணத்துக்கு வழி வேறு: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ஆன்லைன் புகார் தளமான பீமா பரோசா, அதற்கும் மசியாவிட்டால் தேனாம்பேட்டையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்பட்ஸ்மேன். நான் இரண்டு பக்கமும் எழுதினேன்.

ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. கம்பெனி அதிகாரி சர்வேயர் அறிக்கையையே திரும்பத் திரும்பப் படித்தார். அந்த அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்லி, படங்களைக் காட்டினேன். எஞ்சின் செலவைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி தேய்மானம் பிடித்தார்கள். அது பாலிசியிலேயே உள்ளதுதான்.

சர்வேயர் மேலான புகாரை எழுதியபோது, அவர் திமிராகப் பேசியதை எல்லாம் அடித்துவிட்டேன். எஞ்சினைத் திறக்காமலே காரணம் எழுதினார் என்ற ஒன்றை மட்டும் வைத்து, ஆதாரங்களை வரிசையாக இணைத்தேன். அவரிடம் விளக்கம் கேட்டிருப்பதாகப் பதில் வந்தது. கொஞ்ச நாளில் அவரே போன் செய்து, "சார், பேசி முடிச்சுக்கலாமே" என்றார். பணம்தான் வந்துவிட்டதே, விட்டுவிடேன் என்று வீட்டிலும் சொன்னார்கள். நான் வாபஸ் வாங்கவில்லை. அந்த மழையில் அதே வரியை இன்னும் எத்தனை வண்டிகளுக்கு எழுதினாரோ!