பாட்டை வெளியே அனுப்பும் முன்

"தம்பி, மத்த பாட்டை விட நம்ம பாட்டு சத்தமா கேக்கணும்." சேலம் அம்மாபேட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து அம்மன் பாட்டுக்கும் கிராமியப் பாட்டுக்கும் மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை, செய்துகொடுக்கும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆடி மாதம் ஊரெல்லாம் மாரியம்மன் பண்டிகை. தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போது இந்தக் கவலை நியாயமானதுதான்.

உச்சச் சத்தங்களை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவும் லிமிட்டரை அழுத்தினால் சத்தம் வந்துவிடும். ஆனால் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு) என்ற நிலைக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க வைக்கிறது. மைனஸ் 7 வரை ஏற்றிய பாட்டை அங்கே 7 டெசிபல் இறக்கிவிடுவார்கள். ஏற்றிய சத்தம் போய்விடும், நசுங்கிய பம்பை மட்டும் அப்படியே இருக்கும்.

இதை வாயால் விளக்கிப் புரியவைப்பது கடினம். வயதான பம்பைக் கலைஞர் ஒருவருக்கு ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களைப் போட்டுக் காட்டினேன். ஒன்று நன்றாக அழுத்தியது, இன்னொன்று அளவாக விட்டது. இரண்டும் காதுக்கு ஒரே சத்தத்தில் விழும்படி அழுத்தியதை முதலில் இறக்கிக்கொண்டேன். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும், எனக்கும்தான். கண்ணை மூடிக் கேட்டவர் இரண்டாவதில் கையைத் தூக்கினார். "இதுல குச்சி விழுறது தெரியுது. அதுல தோல் மட்டுந்தான் கேக்குது." அடி விழும் நொடியின் கூர்மையை அட்டாக், டிரான்சியன்ட் என்று நாங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கருவிகளை விட அறைதான் அதிகம் படுத்தும். என்னுடையது பத்துக்குப் பத்து அடி கான்கிரீட் அறை. அந்த நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். அகலமும் அதே அளவு என்பதால் தொல்லை இரட்டிப்பு. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்தக் கீழ் ஒலி, அதாவது பாஸ், காணாமலே போகும், சுவரோரம் போனால் குமுறும். நடுவில் இருந்துகொண்டு பாஸ் போதவில்லை என்று ஏற்றினால், வெளியே அந்தப் பாட்டு கொழகொழவென்று கேட்கும். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தியதும், மூலைகளில் ஒலியை உறிஞ்சும் கனமான ராக்வுல் (கல் நார்) பலகை வைத்ததும் எந்த பிளகினை (ஒலியைத் திருத்தும் கம்ப்யூட்டர் மென்பொருள்) விடவும் எனக்கு உதவின. முட்டை அட்டையை ஒட்டுவதால் பாஸுக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடும்போது வால்யூமைக் கூட்டத் தோன்றும். அது ஆபத்து. சத்தம் மாறினால் காதின் கணக்கும் மாறும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே காட்டிவிட்டார்கள். மெதுவாகக் கேட்டால் பாஸ் குறைந்ததுபோல் இருக்கும், உரக்கக் கேட்டால் நிறைந்ததுபோல் இருக்கும். அதனால் தறி நிற்கும் நேரத்தில், வால்யூம் குமிழில் குறித்துவைத்த ஒரே இடத்தில் கேட்டுத்தான் முடிவெடுக்கிறேன்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் மோனோவை, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவதை, பற்றித்தான் நினைப்பு ஓடும். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. அன்றைய படங்களுக்கு ஒற்றை ஒலித்தடம்தான். திரையரங்கில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வந்து சேராது. அதற்குள்ளேயே குரல் முன்னால் நின்றது. இன்றும் கோயில் குழாய் மோனோதான். ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளகினைப் போட்டு மகிழ்வதற்கு முன் மோனோவில் குரல் நிற்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். அதற்குப் பிறகு ஏற்காடு மலை பஸ்ஸில் கேட்டுப் பார்ப்பேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சின் உறுமல் கீழ் ஸ்வரங்களை விழுங்கிவிடும். அதையும் தாண்டிப் பாட்டின் சொல் புரிந்தால் மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் சேர்த்த கலவை, சரி. புரியாவிட்டால் மாஸ்டரிங்கில் அதை ஒட்டவைக்க நான் முயல்வதில்லை, மிக்ஸுக்கே திருப்பிவிடுகிறேன்.

பண்டிகைக்கென்று இப்போது தனி ஃபைல் கொடுக்கிறேன். குழாய்க்குள் ஒலி எழுப்பும் யூனிட்டால் கீழ் பாஸைத் தாங்க முடியாது, வற்புறுத்தினால் எரிந்துபோகும். அதனால் அதை வெட்டி, மோனோவாக்கி, குரலைக் கொஞ்சம் முன்னே தள்ளி, பென் டிரைவில் "குழாய்க்கு" என்றே பெயர் போட்டுத் தருகிறேன். போன வருஷம் ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கூப்பிட்டு, மற்ற பாட்டுகளையும் இதேபோல் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அந்த வேலைதான் இப்போது கையில் இருக்கிறது.