கடையில் நிற்கும்போது கடை வேலை மட்டும்

நேற்று மருந்துக்கடையில் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை வாங்கிவிட்டுக் கிளம்பும் முன், போனில் டுடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியைத் திறந்து @கடை லேபிளைத் தொட்டேன். இருந்த 46 வேலைகளில் நாலே நாலு நின்றன. மூன்றாவது வரியில் 'சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப், 50 உள்ள டப்பா'. போன மாதம் இதே ஸ்ட்ரிப்புக்காக இரண்டு தடவை அலைந்தேன். அப்போதும் அது பட்டியலில் இருந்தது, கரண்ட் பில்லுக்கும் ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் கண்ணில்தான் படவில்லை.

முதலில் முக்கியம், அவசரம் என்றுதான் பிரித்தேன். எல்லாமே முக்கியமாகிவிட்டது. இப்போது எங்கே இருந்தால் செய்ய முடியும் என்று பார்த்துப் பிரிக்கிறேன்: கடை, போன், வீடு, வங்கி. இந்தச் செயலியில் ஒரு வேலை ஒரு ப்ராஜெக்ட்டில்தான் இருக்கும், ஆனால் லேபிள் பல ஒட்டலாம். அதனால் ஸ்ட்ரிப் 'அப்பா' ப்ராஜெக்ட்டிலேயே இருந்துகொண்டு கடைப் பட்டியலிலும் வருகிறது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், இன்றைய தேதியையும் @போன் லேபிளையும் நடுவில் & போட்டுச் சேர்த்து, இரண்டும் பொருந்துகிற வேலைகளை மட்டும் காட்டும் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறேன். மதியம் சாப்பிட்டதும் அதைத் திறந்து வரிசையாகப் பேசிவிடுகிறேன். இன்று மூன்று பேர். கடைசியில் அத்தை, ரொம்ப நாளாகத் தள்ளிப்போன அழைப்பு. முக்கால் மணி நேரம் பேசினோம்.